எஃப்.சி.க்கு முந்தைய பத்து நாள்

நாமக்கல் பக்கம் மோட்டார் வாகன ஆய்வாளரை அந்தப் பெயரால் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் பிரேக் இன்ஸ்பெக்டர். விளக்கு, ஹாரன், டயர், ஸ்டியரிங், புகை என்று அவர் பார்க்க வேண்டியவை எத்தனையோ இருந்தும், ஊர் அவருக்குச் சூட்டிய பெயரில் பிரேக் மட்டும்தான் இருக்கிறது. பெயர் வைத்தவர்களுக்கு இயற்பியல் கொஞ்சம் தெரிந்திருக்கிறது.

சரக்கோ ஆளோ ஏற்றித் தொழிலுக்கு ஓடும் எந்த வண்டியும் தகுதிச் சான்று இல்லாமல் சாலையில் இறங்கக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 56-ஆவது பிரிவில். அந்தச் சான்றுதான் எஃப்.சி. புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டு கவலையில்லை. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காட்டினால் போதும். அதற்கு மேல் வயதான வண்டி ஆண்டுதோறும் போய் நின்றாக வேண்டும். சொந்தக் கார்க்காரர்களுக்குப் பதினைந்து ஆண்டு கழித்துத்தான் இந்தத் தொல்லை என்பதால், இப்படி ஓர் உலகம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது லாரி பட்டறைக்கு வந்துவிடும். சக்கரங்களைக் கழற்றி, அச்சுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து நிறுத்துவார்கள். அதன்பிறகு ஒவ்வொரு ஆளாக வருவார்கள்: பிரேக் வேலை பார்ப்பவர், பட்டை அடிப்பவர், எலக்ட்ரீஷியன், டிங்கர், பெயின்டர். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர், ‘எஃப்.சி. வேலை’. சோதனை நாளன்று இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிவந்து பார்ப்பதற்குச் சில நிமிடம் ஆகும். லாரியின் உள்ளுறுப்புகளை மனிதக் கண் உண்மையில் பார்ப்பது அதற்கு முந்தைய இந்தப் பத்து நாளில்தான். சான்று கொடுப்பவர் இன்ஸ்பெக்டர். வண்டியை அறிந்தவர் கிரீஸ் கையோடு அடியில் படுத்திருப்பவர்.

பிரேக்கிலிருந்தே தொடங்குவோம். 16 டன் எடையுள்ள லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, ஓட்டுநர் மிதிக்கிறார், நிற்கிறது. அந்த ஓட்டம் எங்கே போனது? எங்கும் போகவில்லை, வெப்பமாக மாறிவிட்டது. கணக்குப் போட்டால் சுமார் 22 லட்சம் ஜூல். பானையில் பிடித்துவைத்த ஏழரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். அடுப்பில் அரைமணி நேரம் பிடிக்கும் வேலையை பிரேக் டிரம் சில விநாடிகளில் வாங்கிக்கொள்கிறது. வேகம் 60-லிருந்து 80 ஆனால் ஏழரை லிட்டர் பதின்மூன்றரை லிட்டராகும், ஏனென்றால் இந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. லாரியை 80-க்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை எஃப்.சி.யில் கேட்பதற்குப் பின்னால் இந்த வர்க்கக் கணக்குத்தான் இருக்கிறது.

சமதரையில் இவ்வளவு என்றால் மலையில்? ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம்களில் சேரும் வெப்பம், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70 முறை நிறுத்தியதற்குச் சமம். லாரியோ பைக்கோ, எடை எதுவானாலும் இந்த விகிதம் மாறாது. கொல்லிமலைப் பாதையிலும் 70 கொண்டை ஊசி வளைவுகள். இது தற்செயல்தான். ஆனாலும் இந்த எண்ணைப் பார்த்தபிறகு அந்த மலையை என்னால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை: வளைவுக்கு ஒருமுறை முழு வேகத்திலிருந்து நிறுத்தியதாகக் கணக்கு. சூடேறிய டிரம் விரிந்து, அதில் உரசிப் பிடிக்கும் லைனிங்கைவிட்டு விலகுகிறது. லைனிங்கைப் பிணைத்திருக்கும் பிசினும் வெப்பத்தில் தன் பிடியை இழக்கிறது. மிதி ஆழமாகப் போகிறது, வண்டி நிற்பதில்லை. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிவைத்தது, அந்த வெப்பத்தில் ஒரு பங்கை எஞ்சின் தலையில் கட்டத்தான்.

லைனிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க டிரம்மைக் கழற்றியாக வேண்டும். வெளியிலிருந்து தெரியாது. பட்டறையில் முதல் வேலையாகச் சக்கரத்தைக் கழற்றுவது அதனால்தான். ரிவிட் தலை டிரம்மைத் தொடும் அளவுக்குத் தேய்ந்த லைனிங்கும் சமதரையில் மெதுவாக ஓட்டிக் காட்டினால் ஒழுங்காகத்தான் நிற்கும். அதை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க எந்த இன்ஸ்பெக்டராலும் முடியாது.

லாரி பிரேக்கில் எனக்கு எப்போதும் வியப்பு தருவது இன்னொன்று. எந்தக் குழந்தையிடம் கேட்டாலும், மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடும் என்றுதான் பிரேக்கைப் பற்றிச் சொல்லும். கனரக வண்டியின் பின்சக்கரத்து அவசர பிரேக் நேர்மாறாக இருக்கிறது. அங்கே உருண்டையான ஓர் இரும்புக் கூட்டுக்குள் ஏறக்குறைய ஒரு டன் விசையோடு அழுத்தும் சுருள்வில் ஒன்று எந்நேரமும் பிரேக்கைப் பிடிக்கத் துடித்துக்கொண்டிருக்கிறது. டேங்கிலிருந்து வரும் அழுத்தக் காற்றுதான் அதைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறது. லாரியை நிறுத்தியதும் ‘புஸ்ஸ்’ என்று பெருமூச்சு விடுமே, அது அந்தக் காற்று வெளியேறும் ஓசை. காற்று போனதும் வில் வென்றுவிடுகிறது.

“காத்து இருந்தா ஓடும், காத்து போனா நிக்குமுங்க. அத்தனைதான்” என்றார் ஒரு மேஸ்திரி. இந்த அத்தனைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் ரயிலுக்குச் செய்த முதல் காற்று பிரேக், மிதித்தால் பிடிக்கும் வகை. குழாய் அறுந்தால் பிரேக்கும் போய்விடும். மூன்றே ஆண்டில், 1872-இல், அதைத் தலைகீழாகத் திருப்பினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். குழாய் அறுந்தால், பெட்டி கழன்றால், தானே பிடித்துக்கொள்ளும். ரயில் பெட்டியில் அந்த ஆற்றல் தனித்தொட்டிக் காற்றில் காத்திருக்கிறது, லாரியில் சுருள்வில்லில் காத்திருக்கிறது. கருத்து ஒன்றுதான்: கோளாறு வரும்போது எந்தப் பக்கம் சாய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைப்பது. பொறியியலில் இதைவிட அடக்கமான, இதைவிடப் பெரிய யோசனை அதிகம் இல்லை.

அந்தச் சுருள்வில் இருக்கும் கூட்டை அனுபவமில்லாதவர்கள் பிரிக்கக் கூடாது. நீளமான ஒரு போல்ட்டை உள்ளே செலுத்தி வில்லை அடக்கிவிட்டுத்தான் தொடுவார்கள். அடக்காமல் பிரித்தால் மூடி குண்டுபோலப் பாயும்.

காற்று டேங்கின் அடியில் ஒரு சிறு குழாய் இருக்கும். திறந்தால் தண்ணீர் வரும். பட்டறைக்குப் புதிதாக வந்த பையன்கள் டேங்க் ஓட்டை என்று நினைத்துக்கொள்வார்கள். மழை எதுவும் உள்ளே போகவில்லை. அது நம் ஊர்க் காற்றின் ஈரம். கம்ப்ரஸர் ஒன்பது பங்கு காற்றை ஒரு பங்கு இடத்தில் திணிக்கிறது. ஒரு பங்கு இடம் தாங்கக்கூடிய ஆவிக்கு ஓர் எல்லை உண்டு. எஞ்சியதெல்லாம் நீராக இறங்கிவிடுகிறது. அந்த நீர் வால்வுகளில் துருவேற்றும். காற்றை உலர்த்தும் கருவி இருந்தாலும் குழாயைத் திறந்து பார்த்துவிடுவது பழைய கைகளின் வழக்கம்.

டயரைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. விதி எளிது: இரண்டு, மூன்று சக்கர வண்டிக்குப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, மற்றவற்றுக்கு 1.6. அந்தப் பள்ளம் எதற்கு? உலர்ந்த சாலையில் ஒன்றுக்கும் இல்லை. பந்தயக் கார்கள் மொட்டை டயரில்தான் ஓடுகின்றன. மழைநீர் ஒதுங்கிப்போக வழி வேண்டும், அதற்குத்தான். பள்ளம் கொள்ளாத அளவுக்கு நீர் நின்றால் டயர் நீரின்மேல் படகாகிவிடும். எந்த வேகத்தில் இப்படி ஆகும் என்பதை 1960-களில் விமானச் சக்கரங்களை வைத்து நாசா பொறியாளர்கள் கண்டறிந்தார்கள். அது டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 32 பவுண்டு காற்றுள்ள கார் டயர் சுமார் 94 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்று 24-க்கு இறங்கியிருந்தால் 82-லேயே. ஆக, மழைக்காலத்தில் காற்றுப் பிடிப்பதும் பிரேக் வேலைதான். எஃப்.சி. நாளுக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு மாட்டிப்போய்க் காட்டிவிட்டு மறுநாள் மொட்டை டயருக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஏர் ஹாரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதும் அப்படித்தான். ஏர் ஹாரனால் காது போகும், மொட்டை டயரால் உயிர் போகும். இரண்டையும் ஒரே குறும்பாக நினைத்துச் சிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

புகைச் சோதனையில் கொஞ்சம் நிற்கலாம். டீசல் வண்டியின் ஆக்ஸிலேட்டரைச் சடாரென்று முழுக்க மிதிக்கச் சொல்வார்கள். புகைக்குழாயிலிருந்து வரும் புகை, சோதனைக் கருவிக்குள் 43 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பாதையை நிரப்பும். ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் ஒளியை அளக்கும் கண். பி.எஸ்.-4 வகை வண்டிக்கு வரம்பு 50: அதாவது அந்த ஏறக்குறைய ஒரு முழத் தூரத்தில் ஒளியில் பாதி தொலையலாம், அதற்கு மேல் தொலையக் கூடாது. அதற்கும் பழைய வண்டிகளுக்கு 65 வரை விட்டிருக்கிறார்கள். இதில் அழகு என்னவென்றால், பாதையை இரட்டிப்பாக்கினால் ஒளி முழுக்கத் தொலைந்துவிடாது. எஞ்சிய பாதியில் பாதி தொலையும், அடுத்த 43 சென்டிமீட்டரில் அதிலும் பாதி. வட்டிக் கணக்கைத் திருப்பிப் போட்டது போல. விடியற்காலை மூடுபனிக்குள் முன்னே போகும் வண்டி கரைந்து மறைவதும் இதே விதிப்படிதான். கருவியில் எண் கூடினால் மெக்கானிக் முதலில் தேடுவது ஏர் ஃபில்டரை, பிறகு நாசிலை. கரும்புகை என்பது எரியாமல் போன கரி. உரிமையாளர் காசு கொடுத்து வாங்கிய டீசலின் ஒரு பங்கு.

இனி ஸ்டிக்கர். எஃப்.சி.க்கு முன் லாரியைச் சுற்றி ஒட்டும் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள்: முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பெரும்பாலான உரிமையாளர்களுக்கு இது தண்டச்செலவு. எனக்கோ லாரியிலேயே அதிசயமான பொருள் இதுதான்.

சாதாரணக் கண்ணாடி, சாய்வாக வரும் ஒளியை எதிர்ப்பக்கம் அனுப்பிவிடும். வெள்ளைச் சுவர் நாலாபக்கமும் சிதறடிக்கும். இந்தப் பட்டை மட்டும் ஒளி எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறது. எப்படி? கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூலைக்கருகே ஸ்ட்ரைக்கர் ஒரு கட்டையில் பட்டு, உடனே அடுத்த கட்டையிலும் பட்டால், வந்த வழிக்கு இணையாகவே திரும்பி வரும். இரண்டு கட்டைக்குப் பதிலாக மூன்று கண்ணாடிகள், அறையின் மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்வதுபோல் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால், எந்தத் திசையிலிருந்து ஒளி வந்தாலும் வந்த திசைக்கே போகும். இப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரியாத மூலைகள் ஆயிரக்கணக்கில் அந்தப் பட்டைக்குள் அச்சடிக்கப்பட்டிருக்கின்றன. மலிவான வகையில் மூலைக்குப் பதில் நுண்ணிய கண்ணாடி மணிகள் இருக்கும். இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் மாட்டின் கண் பளிச்சிடுவதும் ஏறக்குறைய அந்த வழியில்தான். பழுதாகி நெடுஞ்சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் லாரி, பின்னால் வருகிறவரின் ஒளியைக் கடன் வாங்கி, அதை அவர் கண்ணுக்கே திருப்பிக் கொடுத்து ‘இங்கே நிற்கிறேன்’ என்கிறது. அதற்கு பேட்டரி வேண்டாம், ஓட்டுநர் விழித்திருக்க வேண்டாம்.

இதே மூலைக் கண்ணாடிகளை 1969-இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து லேசர் ஒளியை அனுப்பினால் அது பூமிக்கே திரும்பி வருகிறது. போய்வந்த நேரத்தை அளந்துதான் நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிப்போவதைக் கண்டறிந்தார்கள். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து நடத்திய சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் கலத்திலும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், எட்டு மூலைப் பட்டகங்கள் பதித்த ஒரு கருவி இருக்கிறது. 2023 டிசம்பரில், நிலவைச் சுற்றிவரும் நாசாவின் விண்கலம் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து லேசரை வீசியது. விக்ரமின் மூலைகள் பதில் அனுப்பின. கலம் செயலிழந்து மாதங்கள் கழிந்திருந்தும் ஸ்டிக்கர் வேலை செய்தது.

கடையில் வாங்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். செல்போன் டார்ச்சை நெற்றிக்கு அருகே, கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்று பட்டையைப் பாருங்கள். அசலானது தீப்பற்றியதுபோல் எரியும். டார்ச்சைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் மங்கிவிடும். இரண்டு நிலையிலும் ஒரேபோல் மினுக்கினால் அது வெறும் வண்ணக் காகிதம்.

பட்டை என்றால் பட்டறையில் வேறொன்று. லாரியின் பாரத்தைத் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் தகடுகளையும் பட்டை என்றே சொல்கிறார்கள். திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். அரிவாள் அடிக்கக் கொல்லர்கள் விரும்பி வாங்கும் இரும்பு பழைய லாரிப் பட்டை. அவ்வளவு உரமான எஃகு எப்படி உடைகிறது? ஒருநாள் பாரத்தில் அல்ல. 1842-இல் வெர்சாயிலிருந்து பாரிஸ் வந்த ரயிலின் அச்சு முறிந்து பலர் மாண்டார்கள். அதன்பிறகு இரும்பு களைத்துப்போகிறது என்ற பேச்சு பொறியாளர்களிடையே வலுத்தது. ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர் ஆண்டுக்கணக்கில் அச்சுகளைச் சுழலவிட்டு அளந்தார். ஒருமுறை கொடுத்தால் கீறல்கூட விழாத விசையை லட்சக்கணக்கான முறை கொடுத்தால் எஃகு முறிந்துவிடும். நுண்ணிய விரிசல் ஒன்று ஒவ்வொரு குழிக்கும் ஒரு மயிரிழை நகர்ந்து, ஒருநாள் எஞ்சிய பகுதி பாரம் தாங்காமல் போகிறது.

அந்த விரிசல் கண்ணுக்குத் தப்பலாம், காதுக்குத் தப்பாது. பட்டை அடிப்பவர் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தகடாகச் சுத்தியால் தட்டுவார். நல்ல தகடு ‘ணங்’ என்று நீள ஒலிக்கும். விரிசல் விட்டது ‘டொக்’ என்று செத்த குரல் கொடுக்கும், ஏனென்றால் விரிசலின் இரு முகங்களும் உரசி அதிர்வைத் தின்றுவிடுகின்றன. சந்தையில் பானையைத் தட்டி வாங்குகிற பாட்டி செய்வதும் இதேதான்.

கடைசியாக டிங்கரும் பெயின்டரும். வண்டிக்குப் புது மெருகு வரும் கட்டம். எனக்கு மிகக் குறைவாக நம்பிக்கை தரும் கட்டமும் இதுதான். துரு என்பது மேலே படிந்த அழுக்கு இல்லை, அது இரும்பே உருமாறியது. மாறும்போது குறைந்தது இரண்டு மடங்கு இடம் கேட்கும். பெயின்ட் கொப்பளிப்பது அதனால். அலுமினியத்தின் ஆக்சைடு போர்வையாக ஒட்டிக்கொண்டு காக்கும். இரும்பின் துருவோ பொருபொருவென்று ஈரத்தை உள்ளே அழைக்கும். சுரண்டாமல் மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் உள்ளே வேலை நின்றுவிடாது.

இன்னும் ஒரு விபரீதம் உண்டு. கேம்பிரிட்ஜில் யுலிக் இவான்ஸ் என்பவர் இரும்பின்மேல் ஒரு துளி உப்புநீரை வைத்துப் பார்த்தார். காற்று நன்றாகப் படும் ஓரம்தான் அரிக்கப்படும் என்று நாம் நினைப்போம். அரிக்கப்பட்டது நடுப்பகுதி, ஆக்சிஜன் குறைந்த இடம். காற்றுப் படும் இடமும் படாத இடமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரியாகிவிடுகின்றன. படாத இடம் கரைந்து தேய்கிறது. ஆக, துரு தெரியும் இடம் வேறு, இரும்பு தேயும் இடம் வேறு. வண்டியில் காற்றுப் படாமல் ஈரம் தேங்கும் இடம் எது? ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றிக் கழுவப்படும் பள்ளிப் பேருந்தின் தரைவிரிப்புக்கு அடிப்பக்கம்.

2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து இறந்தாள். அந்தப் பேருந்துக்கும் எஃப்.சி. இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைத் தானாக முன்வந்து எடுத்தது. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் அதே ஆண்டு வந்தன. இப்போது ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் மைதானங்களில் பேருந்துகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கிறார்கள். அந்தச் செய்தியும் படமும் நாளிதழ்களில் வரும்.

அந்தப் படத்தோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த வாரம் பிள்ளையை வண்டி ஏற்றிவிடப் போகும்போது ஓட்டுநர் அண்ணனிடம் சொல்லிவிட்டு நீங்களும் ஒருமுறை உள்ளே ஏறுங்கள். சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையின் கீழே விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, விரல் முட்டியால் தரையைத் தட்டிப் பாருங்கள்.